வெள்ளித்திரைப் புற்றும் சேரிப் பிள்ளையின் ரத்தமும்

புற்றுநோய் என்றால் என்னவென்று தமிழ்ச் சமூகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது ஆஸ்பத்திரி அல்ல, சினிமா. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில் நோயாளி பிழைக்கிறார். ஆனால் கதை டாக்டரின் தியாகத்தைப் பற்றியது. 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டும் 1982இல் வந்தவை. இரண்டிலும் நாயகன் நோயை மறைக்கிறான், காதலியை விலக்குகிறான், பாட்டோடு சாகிறான். நோய் இங்கே காதலுக்கு வந்த இடையூறு. கூலி, கடன், பஸ் கட்டணம் எதுவும் இந்த நோய்க்கதைக்குள் வருவதில்லை.

இது வெறும் ரசனைப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. ரத்தப் புற்று வந்தால் சாவுதான், எல்லாம் தலையெழுத்து என்கிற இந்தக் கதையாடல் அரூர், பென்னாகரம் பக்கத்துக் காலனிகள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. "எதுக்குப் போட்டு அலையுற, புள்ளய வூட்டுக்குக் கூட்டியாந்துடு" என்று பெற்றவளிடம் சொல்கிற உறவுக்காரர் வாயில் பேசுவது அந்த சினிமாதான்.

உண்மை வேறு. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்று பெரும்பாலும் குணப்படுத்தக் கூடியது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் உட்பட மூன்று பெரிய மையங்கள் 1984க்குப் பிறகு எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றின. 20 சதவீதத்துக்கும் கீழே கிடந்த நிலை மாறி, நான்கு ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்த பிள்ளைகள் 45 முதல் 60 சதவீதம் ஆனார்கள். பணக்கார நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். இடையில் இருக்கிற வித்தியாசத்தைத் தலையெழுத்து என்று எப்படிச் சொல்வது?

சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் நடக்கும். மருந்து ஏறியதும் வெள்ளை அணுக்கள் சரியும். அப்போது காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ராத்திரி பஸ் இல்லாத ஊரில் இது நடக்காது. அதனால் பட்டணத்திலேயே தங்கியாக வேண்டும். தருமபுரிக்காரர்களுக்குச் சென்னையைவிட பெங்களூர் கித்வாய் கிட்டக்க. எங்கே போனாலும் வாடகைக்கு அறை கேட்டால் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" தட்டணுக்கள் குறைந்தால் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், காலனியிலிருந்து வருகிறவனுக்கு அன்றைய கூலி போச்சு. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மருந்துச் செலவை அது தாங்கலாம். இழந்த கூலியை யார் தாங்குவது? அடகு வைக்கக் குண்டுமணி நகையாவது இருக்க வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளைச் சூறையாடிக் கொளுத்தியபோது, பெங்களூர் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்தவைதான் போயின. அடுத்த நோய்க்கான கையிருப்பும் அதுதானே.

இனி மருத்துவச் சொல்லாடலுக்கு வருவோம். தொடர்ந்து நான்கு வாரம் பிள்ளையைக் கூட்டிவராவிட்டால் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று பதிவாகும். இந்த வாக்கியத்தின் எழுவாய் யார்? பெற்றவர். வேலையும் வீடும் கொடுக்காத ஊரும், பக்கத்தில் சிகிச்சை வைக்காத அரசும் வாக்கியத்துக்கு வெளியே பத்திரமாக நிற்கின்றன. சினிமா விதியைச் சொன்னது, ஆஸ்பத்திரிப் பதிவேடு பெற்றவரைச் சொல்கிறது. இரண்டிலும் சாதி என்ற சொல் இல்லை.

நித்தியகல்யாணியை நம் ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏற்றப்படும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து எடுத்த மருந்துதான். சுடுகாட்டு வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியும். வெட்டியான் பிள்ளைக்கு அந்தப் பூவின் மருந்து எட்டுவதற்குள் எத்தனை ஊர், எத்தனை வாசல் தாண்ட வேண்டும்?

நம் எழுத்தும் தப்பிக்க முடியாது. பிள்ளைக்காக உருகும் தாயைத் தெய்வமாக்கும் கதைகள் நம்மிடமும் உண்டு. தெய்வத்துக்குப் பசிக்காது, கூலி வேண்டாம், டாக்டரிடம் கேள்வி கேட்காது. ஆனால் வார்டில் இருக்கிறவள் வேறு ஆள். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவள் தட்டணு எண்ணிக்கையை மனப்பாடமாகச் சொல்கிறாள். எந்த ஊசிக்கு அடுத்து வாய்ப்புண் வரும், எத்தனை டிகிரி காய்ச்சலுக்கு ஓட வேண்டும், எந்த நர்சம்மா வலிக்காமல் குத்துவார் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முடி கொட்டிய மகளிடம் பொய் சொல்லாமல் எப்படிப் பேசுவது என்பதையும் தானே கண்டுபிடிக்கிறாள்.

இந்த அறிவுக்குத் தமிழில் இன்னும் பக்கம் ஒதுக்கப்படவில்லை. மாணவர்களும் தோழர்களும் இரக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போக வேண்டாம். நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். அவள் சொல்லட்டும், அவள் கணக்கோடு எழுதுங்கள்: எத்தனை நாள் கூலி போச்சு, எத்தனை பஸ் ஏறினாள், எந்த வாசலில் என்ன கேட்டார்கள் என்று.