மோலோவின் முயல்

மன்னார்த் தெருக்களில் கழுதைகள் கேட்பாரற்றுத் திரிவது நமக்குப் புதினமில்லை. பன்றியும் முயலும் வால்ரசும் லண்டன் கிளப் ஒன்றில் மேசையைச் சுற்றியிருந்து பிரிட்ஜ் விளையாடுவதை நான் கண்டது விக்டர் மோலோவிடம்தான். ‘பிரிட்ஜ் இன் த மெனாஜரி’, 1965இல் வந்த புத்தகம்.

நான் 304 விளையாடி வளர்ந்தவன். 32 கடதாசி, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20. கைக்கு வந்த முதல் நாலைப் பார்த்தே கேட்க வேண்டும். துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிரிட்ஜிலோ ஒருவருடைய 13 கடதாசியையும் மேசையில் விரித்துவிடுகிறார்கள். ஒளிப்பில்லாத ஆட்டத்தில் என்ன ருசி என்று ஏளனமாகத்தான் பக்கத்தைப் புரட்டினேன்.

முயல் என்னைப் பிடித்துவிட்டது. சொக்லேட்டைக் கொறித்துக்கொண்டிருக்கும் அந்த அப்பாவிக்குக் கடதாசியை ஒழுங்காக அடுக்கத் தெரியாது. இஸ்கோப்பனுக்குள் ஒரு கலாவரை ஒளிந்துகிடக்கும். (கடதாசி இனங்களின் இந்தப் பெயர்கள் இரண்டுமே ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள், 1658இல் நமது கோட்டையைப் பிடித்தவர்கள் கடதாசிக் கூட்டத்தையும் விட்டுவைக்கவில்லை.) கைதவறி ஒன்றைப் போடுவான். அதுதான் அந்த ஆட்டத்தை வெல்லக்கூடிய ஒரே கடதாசி! மேதைகள் அதற்கொரு பெரிய பெயர் சொல்லி வியப்பார்கள். முயல் மட்டும் என்ன நடந்ததென்று விளங்காமல் விழிப்பான். சிரித்து முடித்த பிறகுதான், அந்தப் பெரிய பெயருடைய நுட்பத்தை நானும் படித்துவிட்டேன் என்பது உறைத்தது. பாடத்தைத் தவறுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் மனிதர். இதுவும் ஒருவகையில் கவிழ்த்து வைத்த துரும்புதான்.

பிறகு ஆளையே தேடத் தொடங்கினேன். 1909இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்தவர். புரட்சிக்குப் பின் குடும்பம் நாட்டைவிட்டு ஓடியது. பையன் இங்கிலாந்தில் படித்தான். 1955இல் நிக்கோ கார்டனரோடு சேர்ந்து எழுதிய ‘கார்ட் ப்ளே டெக்னிக்’ கறாரான பாடப்புத்தகம். மிருகங்கள் வந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து. கணக்குத் தெரிந்தவரின் நையாண்டி என்பதால்தான் அது சளசளப்பதில்லை. பாத்திரங்களை வைத்துப் பிரிட்ஜ் சொல்லும் வழியை எஸ். ஜே. சைமன் 1945இலேயே போட்டுவிட்டார் என்பதும் உண்மை. சைமனின் ஆட்கள் நமது குறையைக் காட்டுகிறார்கள். மோலோவின் ஆட்களோடு வாழ்ந்துவிடலாம். என் ஓட்டு மோலோவுக்கு.

மோலோவின் இன்னொரு ஆளான ஆர்மீனியன் கரபெட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். அராரத் மலைச் சூனியக்காரியின் சாபத்தால்தான் தனக்கு நல்ல கடதாசி வருவதில்லை என்று, கேட்பவர் ஓடும்வரை சொல்லிக்கொண்டிருப்பவன். எங்கள் 304 மேசையிலும் ஒருவர் இருக்கிறார். போன ஞாயிறு அவருக்கு ஒரே கையில் இரண்டு ஜாக் வந்தது.

“இப்ப பாருங்கோ, மற்ற ரெண்டும் அங்காலதான் இருக்கும்” என்றார்.

அங்காலதான் இருந்தன.