கைபடும் ரப்பர்

1970களின் இத்தாலிய ரேஸ் சைக்கிளில் மூப்பு முதலில் தெரிவது பிரேக் பிடியின் ரப்பர் உறையில்தான். விச்சென்சா நகரத்துக் காம்பக்னோலோ நிறுவனத்தின் பிடிகள் அலுமினியம், துடைத்தால் மின்னும். மேலே போர்த்திய இயற்கை ரப்பரோ வெயிலிலும் ஓசோனிலும் வியர்வையிலும் வெடித்து, விரலில் ஒட்டி உதிரும்.

மாற்றுவது பொறுமையின் வேலை. கேபிளைக் கழற்றி, பழைய உறையைக் கத்தரித்தெடுத்து, உலோகத்தைத் துடைக்க வேண்டும். புது உறையை வெந்நீரில் ஊறவைத்தால் இளகும். உள்ளே கொஞ்சம் ஸ்பிரிட் தடவினால் வழுக்கி ஏறும். அது ஆவியானதும் உறை கச்சிதமாகக் கவ்விக்கொள்ளும். பசை தேவையில்லை.

மேல்துளை கேபிள் வாய்க்கு நேராக அமர்ந்ததும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேடேறும்போது உடல் பாரம் சாய்வது இந்தக் கையகல ரப்பரில்தான். ஐம்பது வயது வண்டி மறுபடி கைகொடுக்கிறது.