‘யூதாஸ்’ என்னும் விளி: ஓர் இசைநிகழ்ச்சி ஒலிப்பதிவும் கேட்டோர் மதிப்பீடும்

கலைப்படைப்பைப் பற்றிச் சுவைஞர் கூறும் கருத்துகள் பெரும்பாலும் படைப்புக்குப் புறத்தே நிற்பன. நூலுக்கான மதிப்புரை வேறோர் ஏட்டில் அச்சாகும். நாடகத்தைப் பற்றிய பேச்சு அரங்கை விட்டு வெளியேறிய பின் எழும். நேரடி இசைநிகழ்ச்சியின் ஒலிப்பதிவோ இவற்றினின்று வேறுபட்டது. பாடகரின் குரல் பதியும் அதே நாடாவில் கேட்டோரின் கருத்தும் பதிந்துவிடுகிறது. இவ்வகையில் மிகுதியாகப் பேசப்பட்ட ஒரு பதிவை எடுத்துக்கொண்டு, அதனைப் பற்றிய இரு தலைமுறைச் சுவைஞர்களின் மதிப்பீடுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1966 மே 17 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள ஃப்ரீ டிரேட் ஹால் அரங்கில் பாடிய நிகழ்ச்சியே அப்பதிவு. பின்னாளில், 2016இல், இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற ஒருவரைப் பாப் பாடகர் என்று வகைப்படுத்தலாமா என்ற ஐயம் எழக்கூடும். அன்றைய வழக்கும் அதுவேதான். நாட்டார் பாடல் மரபின் வாரிசு என்று தாம் கருதிய ஒருவர் பாப் பாடகராகிவிட்டார் என்பதே அன்று அரங்கில் இருந்தோரில் ஒரு சாராரின் குற்றச்சாட்டு. ‘பாப்’ என்பது அவர்கள் வாயில் வகைப்பெயராக அன்றி வசைச்சொல்லாகவே வழங்கியது.

நிகழ்ச்சி இரு பகுதிகளாக அமைந்தது. முற்பகுதியில் டிலன் தனியாக நின்று, மின்னிணைப்பில்லாத கிதாரும் வாயிசைக் கருவியும் கொண்டு ஏழு பாடல்கள் பாடினார். பிற்பகுதியில் ‘ஹாக்ஸ்’ குழுவினருடன், மின்கிதார், மின்னார்கன், முரசு முதலியவற்றின் துணையோடு எட்டுப் பாடல்கள் பாடினார். முற்பகுதியில் நிலவிய அமைதி ஒரு வழிபாட்டிடத்தின் அமைதியை ஒத்தது. பிற்பகுதியில் பாடல்களின் இடையே கூச்சலும், ஒரே சீராக மெல்லத் தட்டும் கைதட்டலும் கேட்கின்றன. நம் அவைகளில் கைதட்டல் பாராட்டின் அடையாளம். பிரித்தானிய அரங்குகளில் இவ்வாறு மெல்லத் தாளமிட்டுத் தட்டுவது வெறுப்பின் அடையாளம். இதனை அறியாமல் இப்பதிவைக் கேட்கும் நம்மவர் சில இடங்களில் எதிர்ப்பை வரவேற்பென மயங்கக்கூடும்.

கடைசிப் பாடலுக்கு முன் நேர்ந்த சிறு இடைவெளியில் ஒரு குரல் ‘யூதாஸ்!’ என்று உரக்கக் கூவுகிறது. அதனைத் தொடர்ந்து அவையில் சிலர் கைதட்டுகின்றனர். டிலன் சற்றுப் பொறுத்து, உன்னை நான் நம்பவில்லை என்றும், நீ பொய்யன் என்றும் விடையிறுக்கிறார். பின்னர்த் தம் குழுவினர் பக்கம் திரும்பி, வசைச்சொல் ஒன்றைக் கலந்து, உரக்க வாசிக்கப் பணிக்கிறார். இசை தொடங்குகிறது. ஒரு நிமிடத்திற்கும் குறைந்த இந்நிகழ்வைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். எனினும் இதன் மொழியமைப்பு போதிய கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளிமரபுக்கெனத் தனி இயலே வகுத்துள்ளார். விளிக்கும்போது பெயரின் ஈறு திரிதலும், நீளுதலும், இயல்பாய் நிற்றலும் தமிழில் விதி பெற்றவை. ‘துரோகி’ என்பது ‘துரோகீ’ என நீண்டால் அது விளி என்பதில் ஐயமில்லை. ஆங்கிலத்தில் அத்தகைய ஈற்றுக்குறி இல்லை. எனவே தனித்து நின்ற அப்பெயர் ‘யூதாஸே!’ என்னும் விளியா, ‘இவன் யூதாஸ்’ என்று அவைக்கு அறிவிக்கும் பெயர்ப்பயனிலையா என்பது சொல்லளவில் துணியப்படாமல் நிற்கிறது. டிலனின் விடையே அதனைத் துணிகிறது. விளிக்கு உண்மை, பொய் இல்லை. அழைத்தவனைப் பொய்யன் என்று எவரும் மறுப்பதில்லை. அவர் ‘பொய்யன்’ என்றதனால், அதனைத் தம்மீது சாற்றப்பட்ட ஒரு கூற்றாகவே கொண்டார் என்பது பெறப்படும். வசைவிளிகளுள் கூற்று ஒன்று மறைந்து நிற்கும் என்னும் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

சிறப்புப்பெயர் ஒன்று பண்பை உணர்த்தும் பொதுப்பெயராக மாறுவது பல மொழிகளிலும் காணப்படுகிறது. தமிழில் காட்டிக்கொடுப்பவனை ‘எட்டப்பன்’ என்கிறோம். அது தனியொருவரின் பெயரன்று, எட்டயபுரம் அரச மரபினர் அனைவர்க்கும் உரிய பட்டப்பெயர். ஒரு மரபு முழுவதன் பெயரும் இவ்வாறு வசையாக நின்றுவிட்டது முறையா என்பது தனியே ஆராயத்தக்கது. மான்செஸ்டரில் கூவப்பட்ட பெயருக்கு இன்னொரு கூறும் உண்டு. காட்டிக்கொடுத்தவன் இருப்பின் காட்டிக்கொடுக்கப்பட்டவரும் இருத்தல் வேண்டும். கூவியவரின் உருவகத்தில் டிலன் சீடர் மட்டுமே. அவரினும் உயர்ந்த ஒன்று, அது நாட்டார் மரபாகவோ உழைக்கும் மக்களாகவோ அவர்தம் பழைய பாடல்களாகவோ இருக்கலாம், அங்கே வஞ்சிக்கப்பட்டதாகக் கருதப்பட்டது. இச்சொல்லைப் பாடகரின் கையிலிருந்தே எடுத்து அவர்மீது எறிந்திருக்கவும் கூடும். 1964இல் வெளியான தம் பாடல் ஒன்றில் யூதாஸின் செயலைப் பற்றி டிலனே வினா எழுப்பியுள்ளார். அவர் சொன்ன விடையின் முதற்பகுதியும் அன்று பிற்பகுதியில் அவர் பாடிய இரண்டாம் பாடலின் தலைப்பாக அமைந்துள்ளது. எறிந்த சொல், தடுத்த சொல் ஆகிய இரண்டும் டிலனின் சொற்களஞ்சியத்தைச் சேர்ந்தவை. அவருடைய பாடல்களில் ஊறாத ஒருவர் அவரை அவ்வாறு திட்டியிருக்க இயலாது.

இனி, கேட்டோரின் சினம் எதன்மீது எழுந்தது என்பதைக் காண்போம். பழைய பாடல்களைக் கைவிட்டுப் புதியன பாடியதால் எழுந்த சினம் என்று கூறுவது பொருந்தாது. முற்பகுதியில் அமைதியாகக் கேட்கப்பட்ட பாடல்களுள் மூன்று, அப்போது வெளிவரவிருந்த ‘பிளாண்ட் ஆன் பிளாண்ட்’ தொகுப்பைச் சேர்ந்த புதிய பாடல்கள். அவற்றில் அரசியல் எதிர்ப்பும் இல்லை. கனவுத்தன்மை வாய்ந்த படிமங்களே உள்ளன. கூச்சலுக்கு இடையே பாடப்பட்ட பிற்பகுதியிலோ 1962, 1964ஆம் ஆண்டுகளின் தொகுப்புகளில் இடம்பெற்ற பழைய பாடல்கள் மூன்று உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தொடங்குமுன் டிலன், முன்பு அப்படி இருந்தது, இப்போது இப்படி இருக்கிறது என்ற பொருள்படக் கூறுகிறார். வியப்பினால் எழுந்த சினமும் அன்று. கடைசியாகப் பாடப்பட்ட ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ 1965இலேயே இசைத்தட்டாக வெளிவந்து பிரித்தானிய விற்பனை வரிசையில் நான்காம் இடம்வரை எட்டியது. நியூபோர்ட் விழாவில் அதே ஆண்டு ஜூலையில் எழுந்த கூச்சலும் அனைவரும் அறிந்த செய்தி. நுழைவுச்சீட்டு வாங்கியோர் தாம் கேட்கப்போவது இன்னதென அறிந்தே வந்தனர்.

அன்றிரவு அரங்கின் வெளியே படக்குழுவினர் எடுத்த நேர்காணல்களில் இளைஞர் சிலர் பேசுவதைப் பின்னர் வெளிவந்த ஆவணப்படங்களில் காணலாம். எந்தப் பாப் குழுவும் இதனினும் நன்றாகச் செய்துவிடும் என்ற கருத்து அங்கே கூறப்படுகிறது. ‘துரோகி’ என்னும் சொல்லும் வருகிறது. இவை சுவையைப் பற்றிய சொற்கள் அல்ல, நம்பிக்கையைப் பற்றியவை. இவற்றின் பின்னணியில் இங்கிலாந்தின் நாட்டார் பாடல் இயக்கம் உள்ளது. மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பிறந்த ஈவன் மக்கால் போன்றோர் வளர்த்த அவ்வியக்கம், பாடலை வணிகத்தினின்று காப்பதைக் கடமையாகக் கொண்டது. அவர் 1965இல் டிலனைக் கடுமையாகச் சாடி எழுதியதும் உண்டு.

அரங்கின் வரலாறும் நோக்கத்தக்கது. 1819இல் குதிரைப்படை மக்கள் கூட்டத்தைத் தாக்கிய பீட்டர்லூ நிகழ்வின் களத்தில் எழுந்தது அக்கட்டடம். 1905 அக்டோபரில் லிபரல் கட்சிக் கூட்டம் ஒன்றில் கிறிஸ்டபெல் பேங்க்ஹர்ஸ்ட், ஆனி கென்னி ஆகிய இருவரும் எழுந்து, பெண்களுக்கு வாக்குரிமை தரப்படுமா என்று கூவிக் கேட்டதும் அங்கேதான். மேடையிலிருப்பவரைக் குறுக்கிட்டுக் கேட்கும் உரிமை அவ்வரங்கின் மரபில் ஊறியது. 1966இன் குரலை நாகரிகமற்ற கூச்சல் என்று ஒதுக்குவோர் இதனையும் கருத வேண்டும்.

இரண்டாம் தலைமுறைச் சுவைஞர் இந்நிகழ்ச்சியை உரிமம் பெறாத இசைத்தட்டுகளின் வழியே அறிந்தனர். 1970களின் தொடக்கத்திலிருந்து பரவிய அத்தட்டுகளில், இலண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பதியப்பட்டது என்ற தவறான குறிப்பு இருந்தது. பதிவு நடந்த இடம் எது என்ற விவாதம் பல்லாண்டுகள் நீண்டது. நிறுவனம் 1998இல் முறையாக வெளியிட்டபோது, பிழையான அப்பெயரைத் திருத்தாமல் மேற்கோள் குறிகளுக்குள் இட்டு வெளியிட்டது. பாடபேதத்தை நீக்காமல் காத்த பதிப்பாசிரியரின் செயலை இது ஒக்கும். சுவைஞர்கள் அப்பெயரோடு வாழ்ந்துவிட்டனர், அதனை மாற்றினால் நூல் வேறாகிவிடும் என்ற எண்ணம் போலும்.

இச்சுவைஞர்களின் மதிப்பீடு முந்தியதற்கு நேர்மாறானது. நேரடிப் பதிவுகளுள் தலைசிறந்தவற்றில் ஒன்று என்று இதனைப் போற்றினர். ‘யூதாஸ்’ என்ற கூவலைக் குறையாகக் கொள்ளாமல் பதிவின் உச்சமாகவே கொண்டனர். அது நீக்கப்பட்டால் இறுதிப் பாடலின் ஆற்றலே குன்றிவிடும் என்பது அவர்கள் கருத்து. உருவகமும் தலைகீழாகிறது. கூவியவரின் நோக்கில் சீடராக இருந்த டிலன், இவர்களின் நோக்கில் சொந்த ஊராரால் மறுக்கப்பட்ட தீர்க்கதரிசி ஆகிறார். கூவியவர் எதிர்காலத்தைக் காணாத மூடராகிறார்.

இத்தீர்ப்பு பொருந்துமா? இக்கட்டுரையாளருக்கு உடன்பாடு இல்லை. இரு சாராரும் ஒரே பொருளைக் கேட்கவில்லை என்பதே காரணம். நாம் கேட்பது, கருவிகளின் ஒலியும் குரலும் தெளிவுறப் பதியப்பெற்றுப் பின்னர் நிதானமாகச் சமன்செய்யப்பட்ட ஒலி. அரங்கில் இருந்தோர் கேட்டது, அக்காலத்து ஒலிபெருக்கிகள் மண்டபத்தில் பரப்பிய ஒலி. அன்று கூவியவர் தாமே என உரிமை கோரியவர் ஒருவர் அல்லர். அவர்களுள் ஒருவர் பின்னாளில் அளித்த விளக்கம் இவ்வகையில் மிகவும் பயன்படுகிறது. மின்கருவி தம்மைச் சினமூட்டவில்லை, ஒலியமைப்பு மிக மோசமாக இருந்தது, இசைத்தட்டில் கேட்பதுபோல் அது இல்லை, முற்பகுதியின் ஆழத்தோடு ஒப்பிடப் பிற்பகுதி ஏனோதானோவென்று பாடப்பட்டதாகத் தோன்றியது என்பது அவர் கூற்றின் சாரம். நினைவு காலத்தால் திரியும் என்பது உண்மையே. ஆயினும் சொல்லுக்காகவே ஒரு பாடகரை விரும்பியவருக்குச் சொல் செவிக்கு எட்டாமற்போனால் அது இழப்பு என்பதை மறுக்க இயலாது. அவ்வாறு கொண்டால் அவர் கூவியது பழமைப்பற்றினால் மட்டும் அன்று, கேட்க இயலாமையாலும் ஆகும். ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு அதனைப் பிழை என்று தீர்ப்பது, திருத்திய பதிப்பைப் படித்துவிட்டு ஏட்டுச்சுவடியை வாசித்தவரைக் குறைகூறுவது போன்றது.

இதனால் டிலனின் இசை தாழ்ந்ததென ஆகாது. பிற்பகுதியின் வேகமும் குரலின் நீட்சியும் இன்றும் கேட்போரை ஈர்ப்பவை. கூச்சலை அடக்க அவர் கையாண்ட உத்தி ஒன்றும் பதிவில் உள்ளது. மெல்லக் கைதட்டும் ஒலி ஓங்கியபோது அவர் ஒலிவாங்கியில் பொருளற்ற முணுமுணுப்பைத் தொடங்குகிறார். என்ன சொல்கிறார் என்று கேட்க அவை தானே அடங்குகிறது. அடங்கிய அக்கணத்தில், இவ்வளவு பலமாகக் கைதட்டாமல் இருந்தால் நலம் என்ற பொருளில் முடிக்கிறார். சிரிப்பும் பாராட்டும் எழுகின்றன. அதே அவைதான் பாராட்டுகிறது. அரங்கு முழுவதும் பகைத்தது என்ற பிற்கால வழக்கு இந்த ஓரிடத்தாலேயே தகர்கிறது. டிலன் அச்சொல்லை மறக்கவில்லை என்பதும் தெரிகிறது. 2012இல் அளித்த நேர்காணலில், மின்கிதார் வாசித்ததற்காகவா வரலாற்றிலேயே மிக வெறுக்கப்பட்ட பெயர் தமக்குத் தரப்பட்டது என்ற பொருளில் கசப்புடன் பேசியுள்ளார். யூதக் குடும்பத்தில் பிறந்த ஒருவர்மீது அப்பெயர் எறியப்படும்போது அதன் எடை கூடும் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

அண்மைக் காலத்தில் அச்சொல் மேலும் ஒரு நிலையை அடைந்துள்ளது. 2022 நவம்பரில் கேட் பவர் என்னும் பாடகி இந்நிகழ்ச்சியின் பாடல்களை அதே வரிசையில் மீண்டும் பாடினார். அதற்கு அவர் தேர்ந்த இடம் மான்செஸ்டர் அன்று, பிழையான குறிப்பு சுட்டிய ராயல் ஆல்பர்ட் ஹாலே. அங்கும் ஒருவர் ‘யூதாஸ்’ என்று கூவினார். ஆயின் கடைசிப் பாடல்வரை பொறுக்காமல் முந்திக்கொண்டார். பாடகி ‘இயேசு’ என்று விடை சொன்னார். 2024இல் வெளியான டிலனைப் பற்றிய கதைப்படமோ அக்கூவலை மான்செஸ்டரிலிருந்து பெயர்த்து 1965ஆம் ஆண்டின் நியூபோர்ட் மேடைக்கு முன் வைத்துவிட்டது. வசையாகப் பிறந்த சொல் சடங்குச் சொல்லாகிவிட்டது. கூவுவோர் எவருக்கும் இப்போது சினம் இல்லை.

1998இன் பதிவில் அச்சொல்லுக்கும் டிலனின் விடைக்கும் இடையே சில நொடிகள் உள்ளன. கூவியவருக்குக் கிடைத்த கைதட்டல் அங்கே கேட்கிறது. அது தணிந்ததும் வேறொரு குரல் ஏதோ கூறுகிறது. அதன் சொற்கள் தெளிவாக இல்லை.