இரட்சணிய யாத்திரிகத்தில் இறைவேட்கை

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றி 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் அதன் கம்பன் சாயலையே போற்றுகின்றனர். 'கிறிஸ்தவக் கம்பர்' என்னும் பட்டமும் அதனால் எழுந்ததே. விருத்தத்தின் ஓசைக்குத் தலையசைக்கும் நாம், கவிஞர் யாருக்காக ஏங்கினார் என்பதைக் கேளாமற் போகிறோம்.

ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடைக் கதையே இதற்கு முதல்நூல். அதில், முதுகில் சுமையோடு வரும் பயணி சிலுவையண்டை சேர்ந்ததும், சுமை கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுகிறது. அவன் மும்முறை துள்ளி, பாடிக்கொண்டே வழிநடக்கிறான். ஆண்டவரின் பாடுகளைப் பனியன் அங்கு விரித்துரைக்கவில்லை. கிருஷ்ண பிள்ளையோ, குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என ஒரு படலமே வகுத்து, பழிமொழிகளுக்கிடையே மௌனமாய் நின்ற ஆண்டவரை நம் கண்முன் நிறுத்துகிறார். பயணத்திற்கு அவசரமில்லை. சுமை நீங்கியது மட்டும் அவருக்குப் போதவில்லை. அதைச் சுமந்தவரைக் காணவேண்டும்.

நூலினிடையே வரும் தேவாரப் பதிகங்களும் இவ்வேட்கையினின்று பிறந்தவையே. கதை நடப்பதற்கு அவை வேண்டுவதில்லை. நீக்கிவிட்டாலோ நூல் உயிரிழக்கும். வைணவக் குடியிற் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர், சைவர் போற்றும் பெயரைத் தம் பாடல்களுக்குச் சூட்டியதும் கருதத்தக்கது. குறையும் உண்டு. வருணனை நீளுமிடங்களில் யாப்பே கவிஞரை இழுத்துச் செல்கிறது. ஏக்கம் மறைந்து புலமை மட்டும் எஞ்சுகிறது.

இத்தகைய பக்தி வெறும் உணர்ச்சியாய் முடியும் என அஞ்சுவோர்க்கு 73-ஆம் சங்கீதத்தை நினைவூட்டுவோம். துன்மார்க்கர் வாழ்வதைக் கண்டு ஆசாபின் கால்கள் ஏறக்குறையச் சறுக்கின. பரிசுத்த ஸ்தலத்தில் அவர்களுடைய முடிவை உணர்ந்தபின்னும், அவர் தமக்கென நாடியது அவர்களின் செல்வத்தையன்று; தேவனுடைய அண்மையையே நாடினார். வேலையும் வீடும் சுகமும் பெறுவதற்கான வழியாக மட்டும் கடவுளை அறிவிக்கும் பிரசங்கங்கள் நம் பிரசங்க பீடங்களில் பெருகிவரும் இந்நாளில், கிருஷ்ண பிள்ளையின் பதிகங்கள் நமக்குச் சங்கடம் தருவன. அவற்றில் கேட்கப்படும் பெரும்பேறு ஆண்டவரே.

அப்பதிகங்களைக் காப்பியத்தினின்று பிரித்து, வழிபாட்டிற்குரிய துதிப்பாடல்களாக மட்டும் எடுத்தாள்வாரும் உளர். அவை நிற்கும் படலத்தோடு சேர்த்துப் படித்தாலன்றி, வழியில் எந்த இடத்திற்கு வந்தபோது அவ்வேக்கம் குரலெடுத்தது என்பது விளங்காது.