சிவப்பு உருண்டை

ஷோனெஃபெல்டில் பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையத்தை 2012 ஜூன் 3 அன்று திறப்பதாக இருந்தார்கள். நான்கு வாரம்கூட இல்லாத நிலையில், மே 8 அன்று தள்ளிவைத்தார்கள்; தீத்தடுப்பு ஏற்பாடு தேறவில்லை. கடைசியில் திறந்தது 2020 அக்டோபர் 31-இல்!

இப்படி எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஒட்டிப் பார்க்கலாம் என்னும் நினைப்பு மென்பொருளிலும் உண்டு. அதற்குக் கடிவாளம் ஜென்கின்ஸ்: நிரல் மாறும்போதெல்லாம் தானாகவே பில்ட் செய்து சோதிக்கும் சர்வர். கொசுகே கவாகுச்சி ஹட்சன் என்று தொடங்கியது, 2011-இல் இந்தப் பெயருக்கு மாறியது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் ஆளுக்கொரு முழுப் பிரதி, பழைய வரலாறு உட்பட. அவரவர் இஷ்டத்துக்குக் கிளை பிரிக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்குக் கணக்குக் கேட்க ஒருவர் வேண்டாமா? அந்த ஒருவர்தான் ஜென்கின்ஸ். தொடங்க ஜாவா இருக்கும் ஒரு கம்ப்யூட்டர், கிட் களஞ்சியத்தின் முகவரி, புது நிரல் வந்ததைத் தெரிவிக்கும் ஒரு ஹூக், இவ்வளவு போதும். யாராவது புஷ் செய்ததும் சர்வர் தன் ஃபோல்டரில் நிரலை இழுத்து, பில்ட் செய்து, டெஸ்ட்களை ஓட்டும். ‘என் மெஷினில் ஓடுதே’ என்ற சால்ஜாப்பு அங்கே செல்லாது. பழைய ஜென்கின்ஸில் தேறினால் நீல உருண்டை, தோற்றால் சிவப்பு. எனக்குப் பிடித்தது சிவப்புதான்: பிழை பத்து வரிக்குள் இருக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

புது ப்ராஜெக்ட் தொடங்குகிறீர்களா? முதல் வரி நிரலுக்கு முன்பே ஜென்கின்ஸை நிறுவிவிடுங்கள்.