குளிர்சாதன அறையில் அளந்த மூச்சு

நெடுந்தொலைவு ஓடுகிறவர்களிடம் ஆய்வுக்கூடங்கள் முதலில் நீட்டுவது ஓர் எண்ணை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உங்களால் அதிகபட்சம் பயன்படுத்த முடியும் என்பதே அது. 1920களில் ஏ.வி. ஹில் இந்தக் கருத்தை முன்வைத்த நாள்முதல் அதற்கு ஒரு மவுசு இருக்கிறது. முகமூடியை மாட்டிக்கொண்டு, இனி ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது என்கிறவரை ஓட்டப்பொறியில் ஓடினால் எண் கைக்கு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலைப் பயிற்சியில் எதை மாற்றுவது?

பெரிதாக எதையும் மாற்ற முடியாது. 1969இல் மராத்தானை 2 மணி 8 நிமிடம் 33 வினாடியில் ஓடி உலகை அசத்திய டெரெக் கிளேட்டனின் அளவு 70ஐக்கூடத் தொடவில்லை. அவரைவிட அதிகம் மூச்சிழுத்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தார்கள். ஒரே வேகத்துக்கு அவருடைய உடல் குறைவாகவே ஆக்சிஜன் செலவழித்தது. எஞ்சின் சிறியது, ஆனால் லிட்டருக்கு அதிகக் கிலோமீட்டர் ஓடும் வண்டி. அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பம் குடும்பமாக நடத்தப்பட்ட ‘ஹெரிட்டேஜ்’ ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. 20 வாரம் ஒரே பயிற்சியைச் செய்தும் சிலருக்கு அந்த அளவு வெகுவாக ஏறியது, சிலருக்கு அசையவே இல்லை. வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பரம்பரையைச் சார்ந்தது. கூடவே, அளவீட்டிலேயே மூன்று, நான்கு விழுக்காடு முன்பின் ஆகும். மூன்று மாத உழைப்பில் ஒருவர் பெறும் முன்னேற்றமும் பல சமயம் அவ்வளவுதான்.

ரத்த லாக்டேட் சோதனை இதைவிட மரியாதைக்குரியது. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியின் முடிவிலும் விரல் நுனியிலோ காதுமடலிலோ ஒரு துளி ரத்தம் எடுப்பார்கள். எந்த வேகத்துக்குமேல் லாக்டேட் கட்டுமீறி ஏறுகிறது என்பது தெரிந்தால், எந்த நாளில் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பதும் தெரியும். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களிடம் நான் பார்க்கும் பெரிய கோளாறு, மெதுவோட்ட நாளையும் அரைப்பந்தயமாக்கிவிடுவதுதான். அந்த ஒரு கோளாறைத் திருத்தினாலே சோதனைக்குக் கொடுத்த காசு வீணில்லை. ஆனால் 4 மில்லிமோல் என்ற பொதுக்கோட்டை எல்லார் தலையிலும் வரைந்து அறிக்கை தருகிறவர்களிடம் எச்சரிக்கை தேவை. சீராகத் தாங்கக்கூடிய உச்ச அளவு ஒருவருக்கு 3ஆகவும் இன்னொருவருக்கு 6ஆகவும் இருக்கலாம்.

சிங்கப்பூருக்கே உரிய சிக்கல் வேறு. சோதனை அறையில் குளிர்சாதனம் ஓடுகிறது. வெளியே விடிகாலை ஆறு மணிக்கே 25, 26 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி. வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புவதால், அதே வேகத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 10, 15 கூடிவிடும். அறையில் கண்டறிந்த ‘சுகமான வேகம்’ ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் எட்டாவது கிலோமீட்டரில் சுகமாக இருக்காது. ஓட வேண்டிய வேகமாகக் குறித்துத் தரப்படும் பரிந்துரை இங்கே பாதிப் பொய். இதயத்துடிப்பு அளவாகத் தரப்பட்டால் கொஞ்சம் தேறும். வெப்பத்திலேயே அளந்தால்தான் முழுதாக நம்பலாம்.

தேக்காவில் காப்பிக்கடை மேசையில் இந்தப் பேச்சை எடுத்தால் வேறொரு வாதம் வரும். நம் பழைய ஓட்டக்காரர்களான பி.சி. சுப்பையாவும், 1983 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பெண்கள் மராத்தான் தங்கத்தை வென்ற கே. ஜெயமணியும், முருகையா ரமேஷனும் எந்த முகமூடியை மாட்டி ஓடினார்கள்? உணர்ச்சிக்கு நல்ல வாதம், தர்க்கத்துக்கு ஆகாது. 1973இல் சுப்பையா ஓடிய 10,000 மீட்டர் தேசியச் சாதனை நேரம் 31:19.0. அதை 2014இல் சோ ருய் யோங் மூன்றே வினாடி வித்தியாசத்தில் முறியடித்தார். 1995இல் ரமேஷன் மராத்தானில் பதித்த 2:24:22ஐ, 2019இல் அதே சோ 40 வினாடி குறைத்தார். இத்தனை காலம் சாதனைகள் நின்றது ஆய்வுக்கூடம் வீண் என்பதற்குச் சான்றாகாது. அவ்வளவு காலமும் அவர்களைத் துரத்த ஆள் போதவில்லை என்பதையே அது காட்டுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: முறியடிப்பு நடந்த இடங்கள் போர்ட்லண்டும் சோலும். இரண்டும் நம் ஊரைவிடக் குளிர்ந்த ஊர்கள்.

நம்மில் பல ஆண்களும் ஏற்கெனவே ஒரு சோதனையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தேசிய சேவையாளரின் உடற்தகுதிச் சோதனையான ஐபிபிடியில் வரும் 2.4 கிலோமீட்டர் ஓட்டம், கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படைக்காக வகுத்த ஒன்றரை மைல்தான். 483ஐ ஓடிய நிமிடங்களால் வகுத்து 3.5 கூட்டினால் ஆக்சிஜன் அளவின் மதிப்பீடு கிடைக்கும். 12 நிமிடத்தில் முடித்தவருக்கு ஏறத்தாழ 44. முகமூடி தரும் துல்லியம் இதில் இல்லை. ஆனால் நாம் ஓடும் வெயிலிலும் புழுக்கத்திலுமே அளந்தது. 2015இல் சோதனை மூன்று அங்கங்களாகச் சுருங்கியபோது 100 புள்ளியில் 50 ஓட்டத்துக்கே போனது, என் பார்வையில் சரியான முடிவு. கெடுப்பது அதைப் பரீட்சையாக நடத்தும் பழக்கம். கடைசி மூன்று வாரம் மாரடித்துப் பயிற்சி, பரிசு வெள்ளி கைக்கு வந்ததும் அடுத்த ஆண்டுவரை காலணிக்கு ஓய்வு. ஆண்டுக்கொருமுறை எடுக்கும் அளவு பயிற்சியை வழிநடத்தாது.

ஆகவே என் தீர்ப்பு இது. தேசிய அணிக்கு ஆய்வுக்கூடம் தேவை, அறையைச் சூடாக்கிச் சோதிக்கவும் ஆண்டில் பலமுறை திரும்பச் சோதிக்கவும் தயாராக இருந்தால். ஒருமுறை மட்டும் சோதித்துச் சட்டம் போட்டு மாட்டும் அறிக்கைக்கு மற்றவர்கள் காசு கொடுக்க வேண்டாம். அதே பாதையில், அதே விடிகாலை நேரத்தில், ஆறு வாரத்துக்கொருமுறை 30 நிமிடம் முழுமூச்சாக ஓடி, கடைசி 20 நிமிடத்தின் சராசரி இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவோட்ட நாளில் அதற்கு 25, 30 துடிப்பு கீழே, பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிற அளவில் ஓடுங்கள். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். அது தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு எளிதாகத் தவறும்.