யாருடைய முகம் தெரிகிறது?

எம்.ஏ. தமிழ் படிக்கையில் மெய்ப்பாட்டியலை நெட்டுருப் போட்டுத்தான் தேறினோம். மெய்ப்பாடு 8, ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன் 4, ஆக 32. எழுதினால் மார்க். எதிரே நிற்கிறவரின் மனசு நமக்கு எப்படித் தெரிகிறது, யாருடைய மனசு தெரியாமலே போய்விடுகிறது என்கிற கேள்வி வகுப்பறையில் எழவில்லை. எனக்கு அது வந்தது திண்டுக்கல்லிலிருந்து அகரம் போகிற டவுன் பஸ்ஸில். தோல்ஷாப் வேலை முடித்த ஒருவர் ஏறி, காலியாயிருந்த சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். 'கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுப்பா'ன்னு இன்னொரு குரல். அவர் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். மூக்கைப் பொத்தியவர் முகம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. எழுந்து போனவர் முகம் ஞாபகத்தில் இல்லை. நான் பார்க்கவேயில்லை.

பார்ப்பது என்றால் என்ன? நரம்பியலில் அதிகம் பேசப்பட்ட ஒரு நோயாளியிலிருந்து தொடங்கலாம். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா இரண்டு பக்கமும் சிதைந்துபோன ஒரு பெண். புகைப்பட முகங்களில் பயத்தை மட்டும் அவரால் சரியாக அடையாளம் காண முடியவில்லை என்று ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழு 1994இல் எழுதியது. ஆக, பயத்தை அறியும் இடம் இதுதான் என்று பலரும் முடிவு கட்டினார்கள். 2005இல் அதே ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அந்தப் பெண் முகங்களின் கண்களைப் பார்ப்பதே இல்லை. 'கண்ணைப் பார்' என்று சொன்னதும் பயம் தெரிந்துவிட்டது. சொல்வதை நிறுத்தினால் பழையபடிதான். பயத்தை அறியும் திறன் அவரிடம் இல்லாமல் போகவில்லை. எங்கே பார்ப்பது என்கிற நாட்டம்தான் இல்லை. மெய்ப்பாட்டியலை முடிக்கும்போது தொல்காப்பியரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார்: கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணர்கிறவர்களுக்கே இது பிடிபடும்.

அமிக்டலா பழுதாகாத நாம் ஏன் கண்ணைப் பார்ப்பதில்லை? 2006இல் பிரின்ஸ்டனில் லாசானா ஹாரிசும் சூசன் ஃபிஸ்கும் மாணவர்களுக்குப் பலவகை மனிதர்களின் படங்களைக் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். பிறர் மனதைப் பற்றி யோசிக்கையில் இயங்கும் நடு முன்மூளைப் பகுதி மற்றவர்களைப் பார்க்கும்போது இயங்கியது. வீடற்றவர், போதைக்கு அடிமையானவர் படங்களுக்கு அந்த அளவுக்கு இயங்கவில்லை. அருவருப்போடு தொடர்புள்ள இன்சுலா இயங்கியது. 'பாத்தீங்களா, மூளையே அப்படித்தான்'னு இதை எடுத்துக்கொண்டு கிளம்ப நம்மூரில் ஆள் உண்டு. அவர்கள் அடுத்த ஆய்வையும் படிக்க வேண்டும். அதே படங்களைக் காட்டி, 'இவருக்கு என்ன காய்கறி பிடிக்கும்?' என்று கேட்டபோது அந்தப் பகுதி மறுபடி இயங்கியது. அமெரிக்க மாணவர்கள் சிலரின் ரத்த ஓட்டத்தை வைத்துச் சாதியை விளக்கிவிட முடியாது. ஆனாலும் ஒரு கேள்வியால் மாறக்கூடிய அருவருப்பை இயற்கை என்று சொல்ல முடியாது. அது பழக்கப்படுத்தப்பட்டது.

பழக்கப்படுத்தியதில் நம் பிரதிகளுக்கும் பங்குண்டு. இளிவரலுக்குத் தொல்காப்பியம் தரும் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பிறப்பும் தொழிலும் அதில் இல்லை. அச்சத்தின் பட்டியலிலோ அணங்கு, விலங்கு, கள்வரோடு ஆளும் இறையும் சேர்ந்து நிற்கிறான். இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நிறுத்திவிட முடியாது. அதே நூலின் அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்துகிறது. ஏவல் செய்கிறவரின் காதல் காதலாகக் கணக்கில் வராது. முப்பத்திரண்டையும் ஒப்பித்த எங்களுக்கு, யாருடைய மெய் படிக்கத்தக்கது என்கிற தேர்வும் சேர்த்தே ஊட்டப்பட்டது.

இதை உடைத்த பிரதி பாமாவின் 'கருக்கு' (1992). தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப்போகிறார். சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்க் கோபம் வருகிறது. நகை வெகுளியாகும் இந்த இடத்தில் பெரியவரின் உடம்பில் எதுவும் மாறவில்லை. பார்க்கிறவளுக்கு வரலாறு தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பாவனையை மட்டும் பார்த்தால் அவமானம்கூட வேடிக்கையாகத்தான் தெரியும்.

இன்று இந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கிறார்கள். பெண்களின் முகத்தில் துயரத்தைக் கண்டுபிடித்துப் போலீசை எச்சரிக்கும் கேமராக்கள் வைக்கப்போவதாக 2021இல் லக்னோ போலீஸ் அறிவித்தது. வேலையிடத்திலும் பள்ளியிலும் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2024 சட்டத்தில் தடைசெய்தது. பொட்டலக் கயிற்றின் காரணத்தை அந்தக் கேமராவுக்கு எந்த அண்ணன் சொல்வான்?

அகரம் முத்தாலம்மன் திருவிழாவில் கண் திறப்பு முக்கியமான சடங்கு. கண் திறந்த பிறகுதான் மண் உருவம் சாமியாகி நம்மைப் பார்க்கிறது என்பது ஐதீகம். சாமி நம்மைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு கூட்டம் காத்துக் கிடக்கிறோம். அன்றைக்கு பஸ்ஸில் நான் கேட்டிருக்க வேண்டியது பெரிய கேள்வி ஒன்றுமில்லை. 'சாப்பிட்டீங்களாண்ணே?' போதும். கேட்டிருந்தால் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டிருக்க முடியும். எழுதுகிறவர்கள் நாம் நம் கதைகளைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம். படிக்கட்டில் நிற்கிறவருக்கு அதில் முகம் இருக்கிறதா, நாற்றம் மட்டும்தானா?